ஊர்க் கிணறும் ஒருவர் செயலும்

மக்கள் செய்யுஞ் செயல்களைப் பெரியன என்றுஞ் சிறியன என்றும் இரு கூறாக்கி, பெரியனவற்றை அறத்துக்கும் சிறியனவற்றை வழக்கத்துக்கும் உரியனவாகக் கொள்ளுதல் உலகியல்பு. பொய் கூறல், களவு செய்தல், பிறவுயிர்க்கு ஊறு விளைத்தல் என்பன குற்றமென்பதை யாவரும் உடன்படுவர். மதியவுணவை எதிலே சுற்றிக்கொண்டு போவது, முற்றத்துக் குப்பையை யாது செய்வது, தோட்டத்துக்கு எவ்வளவு பசளை இடுவது, எவ்வளவு நீர் இறைப்பது என்பனவோ வெறும் வீட்டுக்காரியங்கள் என்றே பெரும்பாலார் எண்ணுவர். இவையும் அறத்தின்பாற் படுமோ? படுமாயின், ஒருவர் செய்வதனாலும் செய்யாது விடுவதனாலும் ஆவது யாது? இவ்விரு வினாக்களையும் உபாத்தியாயர்களாகிய நாம் நமக்குள்ளே தெளிந்துகொள்ளல் வேண்டும். சுகாதாரமுஞ் சுற்றாடலும் இக்காலப் பாடப்புத்தகங்களிலே நிறைய இடம்பெற்றுள்ளன. அவற்றை ஓதுவிக்கும் நாம், அவற்றின் அடியிலுள்ள அறக்கேள்விக்கு விடையறியாது ஓதுவிப்போமாயின், அக்கல்வி பரீட்சைத்தாளோடு முடிந்துவிடும்.

இதனைப் பொதுப்பட ஆராயின் வெறும் பேச்சாய் ஒழியும். ஆதலின் நாடோறும் நம் கண்முன்னே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வாம். அது நம் கிணற்று நீர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிகாலத்திலே மாத்திரம் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்குப் பெருமுதல். அம்மழைநீர் மண்ணினூடே இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலுந் தங்குகின்றது. கடலும் கடனீரேரியுஞ் சூழ்ந்த நிலமாதலின், உவர்நீரும் அப்பாறையினுட் புகுந்து நிற்கின்றது. உவர்நீரினும் நன்னீர் பாரங் குறைந்ததாகலின் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. கீரிமலையிற் கடலோரத்திலே நன்னீர் ஊறுதல், நிலத்தடி நீர் ஓரிடத்தில் நில்லாது பாறைவழியே சென்று கடலைச் சேர்கின்றது என்பதற்குச் சான்று. நீரியலறிஞர் குடாநாட்டின் நன்னீரை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு நீர்த்திரள்களாகப் பகுப்பர். அவ்வப் பகுதியிலுள்ள ஆயிரக்கணக்கான கிணறுகள் அவ்வந் நீர்த்திரளின் வாய்களேயாம். கிணற்றுக்கட்டும் வேலியும் நிலத்தின் மேலே எல்லையிடுமேயன்றி, கீழே உள்ள நீருக்கு எல்லையிட மாட்டா.

நம் முன்னோர் தோட்டக் கிணறுகளைப் பலர் பங்காக வைத்திருந்தனர். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்குங் குறிக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம். இன்னார் இன்ன நாளிலே இறைப்பது என்னும் முறையும் இருந்தது. தன் முறையல்லாத நாளில் இறைத்தவன் பங்காளியின் பொருளைக் கவர்ந்தவனாகவே கருதப்பட்டான். பங்குக் கிணற்றில் அழுக்கை இட்டவனை ஊரார் பொறுத்திலர். இப்பொழுது நிலநூல் நமக்கு அறிவிப்பது யாதெனின், வலிகாமம் முழுதும் ஒரு பங்குக் கிணறு என்பதே. அக்கிணற்றுக்கு உறுதியில் எழுதப்படாத பங்காளர் பல்லாயிரவர் உளர். இனிப் பிறக்கும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். எனவே பசளையிடுதலும் நீரிறைத்தலுங் குப்பை கழித்தலும் என் வீட்டுக்காரியம் என்று ஒருவர் கூறுதல், பங்குக் கிணற்றைத் தனிக் கிணறு என்று கூறுதலை ஒக்கும். இவை அறத்தின்பாற் படும் என்பது இதனாற் போதரும். முதல் வினாவுக்கு விடை இது.

இரண்டாம் வினாவே கடியது. "ஆயிரம் பேர் மிகையாக இடும்போது யான் ஒருவன் இடாதொழிந்தால் நீர் தூயதாகுமோ? ஆயிரம் பேர் அடக்கமாக இருக்கும்போது யான் ஒருவன் இட்டால் நீர் கெடுமோ? இரண்டிடத்தும் என் செயலால் வேறுபாடு இல்லையாதலின், என்னைக் குறைகூறுதல் யாது பயன்?" என்பர் ஒருசாரார். இதனைச் சோம்பேறிகளின் சாட்டு என்று தள்ளிவிடல் தகாது. 1833ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போட் சருவகலாசாலையில் வில்லியம் போர்ஸ்டர் லொயிட் என்பவர் வெளியிட்ட விரிவுரைகளிலும் இக்கருத்துக் காணப்படும். பொது மேய்ச்சனிலத்திலே ஒவ்வொருவனும் தன் மாடுகளைப் பெருக்குவதால் வரும் இலாபம் அவனுக்கே உரியதாக, நட்டம் எல்லார்க்கும் பங்காகின்றது. ஆதலின் நிலம் பாழாதல் இயல்பு என்றார் அவர். புத்திமான்களையும் மயக்குங் கேள்வியாதலின் படிப்படியாக விடை காண்போம்.

முதலாவது, ஒருவர் செயல் நாம் எண்ணுமளவு சிறியதன்று. இதனை உயர்வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையிலே கணக்கிடலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் உண்டது போக மிஞ்சிய நைதரசனிற் பெரும்பாகம் மண்ணிலே நைத்திரேற்றாக மாறி, மழையோடும் இறைத்த நீரோடுங் கீழிறங்கும். 1 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசன் முழுதும் நைத்திரேற்றாயின், அதன் நிறை ஏறக்குறைய 2 கிலோகிராம். குடிநீர் 1 லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த எல்லை. ஆகவே அளவுக்கு மிஞ்சி இட்ட 1 கிலோகிராம் யூரியா, தூயநீர் 40,000 லீற்றரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதியது. பாதியே கீழிறங்கிற்று எனினும் 20,000 லீற்றர். கையால் அள்ளி வீசும் 100 கிராமுக்கு, முழுதும் இறங்கின், 4,000 லீற்றர். ஒரு குடும்பம் பல நாள் குடித்தற்கும் சமைத்தற்கும் போதிய நீர் அது.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து அறிதல் கூடாது. நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் இறக்குமேயன்றி, நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடும். இதனைப் பெற்றோர்க்கு நாம் தெளிவாக அறிவித்தல் வேண்டும். இத்தகைய நீரிற் கரைத்த பாலைப் புட்டியில் அருந்தும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழத்தலும், உடல் நீலம்பாரித்தலும், சிகிச்சை தாமதிக்கின் உயிரிழப்பும் நேரக்கூடும். 1980களிலே குடாநாட்டுக் கிணறுகளை ஆராய்ந்தோர், செறிவாகப் பயிரிடப்படும் இடங்களில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை அக்காலத்திலேயே எடுத்துக் காட்டினர்.

இறைப்பிலும் இங்ஙனமே. நன்னீரின் மட்டம் கடன்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கடன்மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியற் கணக்கு. எனவே மேலே 1 அடி நிலையாகத் தாழின், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி வரை மேலேற இடனுண்டாகும். துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதன் களைத்தபோது இறைப்பு நின்றது. இயந்திரம் களைப்பதில்லை, ஆதலின் நிறுத்தும் அறிவு மனிதனிடத்தே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் செயலின் பயனைத் தனியே பிரித்துக் காட்ட முடியாதவிடத்தும் அவர் பங்கு இல்லையாகாது. என்னை? ஆயிரம் பேர் செயலாலே கிணறு கெட்டது என்பது உண்மை. ஒவ்வொருவர் பங்கும் பூச்சியமாயின், ஆயிரம் பூச்சியங்களைக் கூட்டியும் பூச்சியமே வரும். கிணறு கெட்டிருத்தல் கூடாது. கெட்டிருக்கின்றதாதலின், ஒவ்வொருவர்க்கும் பங்கு உண்டு. காணாமை வேறு, இல்லாமை வேறு.

சைவராகிய நமக்கு இந்நியாயம் புதியதன்று. புலாலுண்போன் ஒருவன், "யான் என் கையாற் கொன்றிலேன், யான் வாங்காவிடினும் கடைக்காரன் இன்று அவ்வாட்டைக் கொன்றேயிருப்பான்" என்பானாயின், நாம் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. வாங்குவார் பலர் கூடியே கொலையை நடத்துகின்றனர் என்றும், வாங்குவோன் ஒவ்வொருவனும் அதிற் பங்காளி என்றும் விடை கூறுகின்றோம். ஒருவர் மரக்கறி உண்பதால் இன்ன ஆடு பிழைத்தது என்று காட்ட முடியாதாயினும், அவர் செய்தது வீண் என்று நாம் கருதுவதில்லை. அட்டிலில் ஏற்ற அந்நியாயத்தைத் தோட்டத்திலுங் குப்பைமேட்டிலும் மறுப்பது எங்ஙனம் பொருந்தும்? ஜேர்மனி தேசத்துத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ற் (1724–1804) கூறியதுங் கிட்டத்தட்ட இதுவே: எல்லாரும் அங்ஙனமே செய்க என்று நீ விரும்பக்கூடிய செயலையே நீ செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

மூன்றாவது, லொயிட் கூறிய பாழ் விதியன்று. எலினோர் ஒஸ்ட்ரொம் என்னும் அமெரிக்க அறிஞர், பொதுநீர், பொதுக்காடு, மேய்ச்சனிலம் என்பவற்றைப் பங்காக வைத்திருந்த பல தேசத்து ஊர்களை ஆராய்ந்து, தாமே வகுத்த முறைகளால் அவற்றை நெடுங்காலம் பேணியோரும் உளர் என்று நாட்டினார். 2009ஆம் ஆண்டிலே அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. பங்காளர் ஒருவரையொருவர் அறிந்திருத்தலும், முறை வகுப்பதில் எல்லார்க்கும் இடமிருத்தலும், முறை தவறினோரைக் கண்டு திருத்துதலும் அவ்வூர்களிற் காணப்பட்டன. நம் பங்குக் கிணற்று இறைப்பு முறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனை ஒரு கிணற்றின் அளவினின்று ஒரு நீர்த்திரளின் அளவுக்கு விரித்தலே நம்முன் உள்ள வேலை.

இனி, உண்ணும் இலையை நோக்குவாம். முற்காலத்தில் வாழையிலையிலும் தாமரையிலையிலும் பனையோலைத் தட்டுவத்திலும் உண்டார்கள். உண்டபின் வேலியோரத்தில் எறிந்தார்கள். ஆடு மாடு தின்றது போக எஞ்சியது சில கிழமையில் மண்ணாயிற்று. இக்காலத்தில் பொலித்தீன் தாளிற் சுற்றிய சோற்றை உண்டு, அதனையும் அங்ஙனமே எறிகின்றார்கள். எறியுங் கை ஒன்றே, எறியும் வழக்கமும் ஒன்றே. எறியப்பட்ட பொருளே மாறிற்று. "நம் முன்னோர் சுற்றாடலைப் பேணினர், நாமோ கெட்டோம்" என்று மேடைகளிலே பேசுதல் கேட்கின்றோம். உண்மையை நோக்கின், அவர் எறிந்ததும் நாம் எறிவதும் ஒரே கவலையின்மையே. அவர் கவலையின்மை தீங்கு செய்யாதிருந்தது, இலையின் குணத்தினால். அப்போது நன்மை பொருளிலே இருந்தது. இப்போது அது மனத்திலே இருந்தாலன்றி வேறெங்கும் இல்லை. ஆதலின் பழமையைப் புகழ்வதனால் மாத்திரம் ஆவதொன்றில்லை.

பொலித்தீன் எறியப்பட்டு மறைவதில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 2017ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவித்திருந்த குப்பை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். நகரத்தார் பலரும் வீசிய குப்பை, வீசாத ஏழைகளின் மேல் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே 'லஞ்ச் சீற்' எனப்படும் பொலித்தீன் தாள் சட்டத்தால் விலக்கப்பட்டது. திறந்தவெளியிற் பிளாஸ்ரிக் எரித்தலும் விலக்கப்பட்டது. சட்டம் வந்தபின்னும் காலைவேளையிலே முற்றத்துச் சருகோடு பிளாஸ்ரிக்கையுஞ் சேர்த்து எரிக்கும் புகை நம் ஊர்களில் எழுகின்றது. சில வகைப் பிளாஸ்ரிக் எரியும்போது டயொக்சின் என்னுங் கொடிய நஞ்சு பிறக்கும். அதனை முதலிற் சுவாசிப்பவர் எரிக்கும் வீட்டாரின் குழந்தைகளே. உடலுக்கு நன்மையும் ஊருக்கு நன்மையும் வேறல்ல என்பது இதனால் அறியப்படும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டற்பாலன. பச்சை என்றும் இயற்கை என்றும் பெயரிட்டமாத்திரத்தில் ஒரு பொருள் நன்றாகிவிடாது. மாட்டெருவும் குழையும் அளவுக்கு மிஞ்சினால் நைத்திரேற்றையே தரும். கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலக்குழியும் அதனையே தரும். செயற்கைப் பசளை முழுதும் நஞ்சு என்பதும் பிழை. உலகத்து மக்களிற் பெருந்தொகையினர் அதனால் விளைந்த தானியத்தை உண்டே வாழ்கின்றனர். தீங்கு மிகையிலே உள்ளது. மண்ணைச் சோதித்து, பயிருக்கு வேண்டுமளவைப் பலமுறையாகப் பகுத்து, பெருமழைக்கு முன் இடாது, எருவோடு கலந்து இடுதலே நெறி. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் செயற்கைப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. நவம்பரிலே அத்தடையை நீக்கிற்று. அடுத்த பெரும்போகத்திலே நெல் விளைச்சல் மிகக் குறைந்தது. கமக்காரர் பெருந் துன்புற்றனர். நல்ல நோக்கமும் அறிவும் ஆயத்தமும் இன்றி ஏவப்படின் தீங்காய் முடியும் என்பதற்கு இஃது உதாரணம். தானே அறிந்து தெரிந்து செய்யாத செயலில் அறம் வளர்வதில்லை.

மற்றொன்று, கடமை ஆற்றலுக்குத் தக்கது. கடன்பட்டு வெங்காயம் நட்ட கமக்காரன், விளைச்சல் பிழைத்தால் பிள்ளைகள் பட்டினி என்று அஞ்சி ஒரு கைப்பிடி கூட்டி இடுகின்றான். கூலிக்குச் செல்லும் பெண் கடையிலே மலிவாகக் கிடைப்பதை வாங்குகின்றாள். அவரை இகழ்தல் நமக்கு அடாது. மாதச் சம்பளம் பெறுவோரும், கல்வியால் இவற்றின் காரணத்தை அறிந்தோருமாகிய நமக்கே தெரிவு அதிகம். ஆதலின் பொறுப்பும் அதிகம். பாடசாலையிற் கற்றதைக் கொண்டு பிள்ளை வீட்டிலே தாய் தந்தையரை வெட்கப்படுத்துமாறு நாம் கற்பித்தல் ஒருபோதுந் தகாது.

ஆயின் நாம் செய்யத்தக்கன யாவை? பெரிய காரியங்கள் அல்ல. நம் மதியவுணவை எவர்சில்வர்ப் பெட்டியிலோ வாழையிலையிலோ கொண்டுசெல்வோம். ஒரு கட்டை தூரத்துக்குத் துவிச்சக்கரவண்டியோ காலோ போதும். ஐம்பது வயது கடந்த என்போன்றோர்க்கு அது மருந்துமாகும். பாடசாலை வளவிலே முருங்கையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளர்ப்பித்து, சிவப்பரிசியினதுங் குரக்கனதும் பயனைச் சோற்றோடு கற்பிப்போம். சருகை எரியாது குழியிலிட்டு உரமாக்குவோம். கூரைநீரைத் தொட்டியிலோ கிணற்றையடுத்த குழியிலோ இறக்குவோம். 1 சதுர மீற்றர்க் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 200 சதுர மீற்றர்க் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை ஒன்று 5,000 லீற்றரைத் தரும். இதுவும் வகுப்பிலே செய்யத்தக்க கணக்கே. கோயில்களிலும் மடங்களிலும் அன்னதானஞ் செய்யும் நாட்களில் வாழையிலையே வழங்கப்பட வேண்டுமென்று பரிபாலகர்களிடம் பணிவோடு வேண்டிக்கொள்வோம். அடியார் பசி தீர்த்த புண்ணியமும், தேர்வீதியெங்கும் பறக்கும் பொலித்தீனும் ஒருங்கு நிற்றல் அழகன்று. இவற்றையெல்லாம் சொல்லுமுன் செய்தல் வேண்டும். பிள்ளைகள் உபாத்தியாயரின் வாயைப் பார்ப்பதினும் அவர் கையைப் பார்ப்பது அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் தவணையிலே ஒவ்வொரு பாடசாலையின் கிணற்றுநீரையும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் போன்ற தக்க இடத்திலே நைத்திரேற்றுக்கும் உவர்த்தன்மைக்குஞ் சோதிப்பித்து, வந்த எண்களைப் பாடசாலைப் பலகையிலே எழுதி வைப்போம். ஆண்டுதோறும் அங்ஙனஞ் செய்து, பழைய எண்ணின் பக்கத்திலே புதிய எண்ணை எழுதுவோம். அயலிலுள்ள கமக்காரரையும் பெற்றோரையும் அழைத்து அவ்வெண்களின் பொருளை விளக்குவோம். தம் பங்குக் கிணற்றின் நிலையை அறிந்த பங்காளரே அதனைக் காப்பதற்கு முறை வகுப்பர், அறியாதோர் வகுக்கமாட்டார். அறிவித்தல் உபாத்தியாயர் தொழிலாதலின், அதனை முதலிலே தொடங்க வேண்டியவரும் நாமே.